ஜாவாவிலிருந்து வீடு திரும்பிய மருத்துவர்

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்ற மட்டுமே முடியும். பள்ளி மாணவர் அனைவரும் மனப்பாடமாகச் சொல்லும் விதி இது. இதனை ஒரு பொது விதியாக எடுத்துக் கூறி, வெப்பத்திற்கும் வேலைக்கும் உள்ள விகிதத்தை ஓர் எண்ணாகவும் கணக்கிட்டு அச்சில் வெளியிட்டவர் யார் என்று கேட்டால், நம்மில் பலர் ஜூல் என்பர். சிலர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பர். ஆனால் அவ்விருவருக்கும் முன்பே அதைச் செய்த ஒருவர் உண்டு. அவர் இயற்பியல் அறிஞர் அல்லர். சொந்தமாக ஒரு சோதனைச்சாலைகூட இல்லாத கப்பல் மருத்துவர். அவர் பெயர் ஜூலியஸ் ராபர்ட் மேயர்.

1841-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஜாவாத் தீவு வரை சென்ற கடற்பயணத்தை முடித்துக்கொண்டு மேயர் ஜெர்மனியிலுள்ள தம் ஊருக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 26. நல்ல உடல்நலத்தோடும் மனத்தில் ஒரு பெரிய கருத்தோடும் திரும்பினார். அதன்பின் 11 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அதே மனிதர் ஒரு மனநோய் மருத்துவமனையில் நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார். கடற்பயணத்தில் அவர் கண்டது என்ன? வீடு திரும்பியபின் அவர் நலம் குன்றியது எவ்வாறு? அந்நோயோடு அவர் எஞ்சிய வாழ்நாளை எப்படிக் கழித்தார்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கப்பலேறிய இளைஞர்

மேயர் 1814 நவம்பர் 25-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் நாட்டில், நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள ஹைல்பிரான் என்ற ஊரில் பிறந்தார். தந்தை மருந்துக்கடை வைத்திருந்தவர். மேயர் சிறுவனாக இருந்தபோது ஆற்று நீரில் சிறு சக்கரங்களைச் சுழலவிட்டு விளையாடுவதுண்டு. அச்சக்கரத்தின் சுழற்சியாலேயே நீரை மேலேற்றி, அந்நீராலேயே சக்கரத்தை மீண்டும் சுழற்றி, ஓயாமல் ஓடும் ஒரு பொறியைச் செய்துவிடலாம் என்று முயன்றார். அது ஓடவில்லை. ஒன்றுமில்லாததிலிருந்து வேலை கிடைக்காது என்ற பாடம் அச்சிறு வயதிலேயே மனத்தில் பதிந்தது என்று பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார்.

டூபிங்கன் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்றபோது, தடை செய்யப்பட்டிருந்த மாணவர் சங்கம் ஒன்றில் சேர்ந்ததற்காக 1837-இல் அவர் சிறைவைக்கப்பட்டு, பல்கலைக் கழகத்திலிருந்தும் விலக்கப்பட்டார். சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டு, 1838-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாரிஸ் நகரில் சில மாதங்கள் தங்கி மேற்பயிற்சி பெற்றபின், உலகைக் காணும் ஆவலால் டச்சுக் கப்பல் ஒன்றில் மருத்துவராகப் பணி ஏற்றார். 1840 பிப்ரவரியில் ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அக்கப்பலின் பெயரும் "ஜாவா" என்பதே.

சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மூன்றரை மாதம் சென்ற பின்னரே கப்பல் பட்டாவியாவை அடைந்தது. இன்று ஜகார்த்தா எனப்படும் நகரமே அது. கப்பலில் நோயாளிகள் குறைவு. ஓய்வு நேரமோ மிகுதி. தாம் எடுத்துச் சென்றிருந்த மருத்துவ, அறிவியல் நூல்களை மேயர் ஊன்றிப் படித்து வந்தார்.

சிவந்து வந்த இரத்தம்

அக்காலத்தில் காய்ச்சலுக்கும் நுரையீரல் நோய்க்கும் கையிலுள்ள சிரையைக் கீறி இரத்தம் வெளியேற்றுவது வழக்கமான மருத்துவ முறை. கீழைக் கடலில் நுரையீரல் நோய் கண்ட மாலுமிகளுக்கு மேயர் அவ்வாறே செய்தார். வெளிவந்த இரத்தத்தைக் கண்டு திடுக்கிட்டார். சிரையின் இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இங்கோ அது பளிச்சென்ற செந்நிறமாக இருந்தது. தவறிப்போய்த் தமனியைக் கீறிவிட்டோமோ என்று ஒரு கணம் அஞ்சினார். ஆனால் கீறியது சிரைதான். வெப்ப நாடுகளில் இது எப்போதும் காண்பதே என்று அவ்வூரில் பணியாற்றிய மருத்துவர்கள் கூறினார்கள்.

எல்லோரும் கண்டு பழகிவிட்ட ஒன்றை மேயர் கேள்வியாக எடுத்துக்கொண்டார். உணவு உடலுக்குள் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல எரிவதால்தான் உடல் வெப்பம் உண்டாகிறது என்பது பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் 18-ஆம் நூற்றாண்டிலேயே கூறிய கொள்கை. வெப்ப நாட்டில் உடல் இழக்கும் வெப்பம் குறைவு. ஆகவே உடலுக்குள் எரிய வேண்டியதும் குறைவு. செலவாகும் ஆக்சிஜனும் குறைவு. செலவாகாத ஆக்சிஜன் இரத்தத்திலேயே தங்குவதால்தான் சிரை இரத்தமும் சிவப்பாக உள்ளது என்று அவர் முடிவு செய்தார்.

இதோடு அவர் நின்றிருந்தால் அது ஒரு மருத்துவக் குறிப்பாகவே முடிந்திருக்கும். அவர் மேலும் ஓர் அடி எடுத்துவைத்தார். மனிதன் வெப்பத்தை மட்டுமா உண்டாக்குகிறான்? சுமை தூக்குகிறான், கயிறு இழுக்கிறான். கைகளைத் தேய்த்து வெப்பத்தை உண்டாக்கினால், அந்த உழைப்பிலிருந்தும் வெப்பம் வருகிறது. ஆக, உண்ட உணவிலிருந்து நேராக வரும் வெப்பம் ஒன்று. உழைப்பின் வழியாகச் சுற்றி வரும் வெப்பம் மற்றொன்று. உணவு எரிவதால் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட அளவுதான் என்றால், இவ்விரண்டின் கூட்டுத்தொகையும் மாறாததாக இருக்க வேண்டும். அப்படியானால், இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்ற நிலையான விகிதம் ஒன்று இருந்தே தீர வேண்டும்.

புயலில் கொந்தளித்த கடல்நீர் அமைதியான கடல்நீரைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும் என்று கப்பலைச் செலுத்திய மாலுமி ஒருவர் சொன்னதும் இக்கருத்தோடு பொருந்தியது. சுரபாயாத் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது மற்றவர்கள் கரையிறங்கி ஊர் சுற்றினார்கள். மேயரோ தம் சிந்தனையை விட்டுப் பிரிய மனமின்றிக் கப்பலிலேயே பெரும்பாலும் தங்கிவிட்டார்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிரை இரத்தம் சிவந்திருந்ததற்கு மேயர் கூறிய காரணம் இன்றைய உடலியலின்படி முழுவதும் சரியன்று. வெப்பம் மிகும்போது உடலைக் குளிர்விப்பதற்காகத் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கையின் வழியே இரத்தம் மிகுதியாகவும் விரைவாகவும் பாய்கிறது. ஆகவே ஒவ்வொரு துளியும் இழக்கும் ஆக்சிஜன் குறைவு. நிறம் மாறாததற்கு இதுவே முதன்மையான காரணம். காரணம் முழுமையாகப் பொருந்தாவிடினும், அதிலிருந்து எழுந்த கேள்வி சரியான கேள்வியாக இருந்தது. அறிவியல் வரலாற்றில் இப்படி நிகழ்வது அரிதன்று.

திருப்பி அனுப்பப்படாத கட்டுரை

ஊர் திரும்பிய மேயர் ஹைல்பிரானில் மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். பகலில் நோயாளிகளைப் பார்ப்பது, எஞ்சிய நேரத்தில் எழுதுவது என்று நாள்கள் கழிந்தன. 1841 ஜூன் மாதம் தம் முதல் கட்டுரையை அக்காலத்தின் தலைசிறந்த இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் போகண்டார்ஃப். கட்டுரை வெளிவரவில்லை. திரும்பியும் வரவில்லை. கடிதம் எழுதிக் கேட்டும் பதில் இல்லை. 1877-இல் போகண்டார்ஃப் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற காகிதங்களிடையே அக்கட்டுரை கிடைத்தது. அதற்குள் 36 ஆண்டுகள் கடந்துவிட்டன.

போகண்டார்ஃப் செய்தது அநீதியா? பதில் எழுதாதது குறைதான். ஆனால் அக்கட்டுரையில் பிழைகள் இருந்தன என்பதும் உண்மை. ஓடும் பொருளின் ஆற்றலைக் கணக்கிட வேகத்தின் வர்க்கத்தைக் கொள்ள வேண்டிய இடத்தில், மேயர் வெறும் வேகத்தையே கொண்டிருந்தார். ஆற்றல் என்ற சொல் இன்றைய பொருளில் வழங்காத காலம் அது. விசை என்ற ஒரே சொல்லைப் பல பொருளில் பயன்படுத்தியதால் குழப்பமும் இருந்தது. மருத்துவம் படித்தவருக்கு இயற்பியலின் கணித மொழி கைவரவில்லை.

மேயர் மனம் தளரவில்லை. கணிதம் அறிந்த நண்பர் கார்ல் பௌர் என்பவரின் துணையோடு இயற்பியலைக் கற்றார். டூபிங்கன், ஹைடல்பர்க் நகரங்களுக்குச் சென்று பேராசிரியர்களைக் கண்டார். இயக்கம் வெப்பமாக மாறும் என்றால், குலுக்கினால் நீர் சூடேற வேண்டுமே என்று ஹைடல்பர்க்கில் யோலி என்ற இயற்பியல் அறிஞர் கேட்டாராம். ஒன்றும் பேசாமல் போன மேயர், சில வாரம் கழித்து மூச்சிரைக்க வந்து, "ஏறுகிறது" என்று மட்டும் சொன்னாராம். நீரை வேகமாகக் குலுக்கி 12 டிகிரியிலிருந்து 13 டிகிரி வரை வெப்பநிலையை ஏற்றியதை அவர் பின்னர் எழுதியுமிருக்கிறார்.

1842 மே மாதம் அவருடைய கட்டுரை, வேதியியல் அறிஞர் லீபிக் நடத்திய இதழில் வெளிவந்தது. அதே மாதத்தில் அவருக்குத் திருமணமும் நடந்தது. கட்டுரையின் முடிவில் அந்த எண் இருந்தது. ஓர் எடையை ஏறத்தாழ 365 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால், அதற்குச் சமமான எடையுள்ள நீரை 0 டிகிரியிலிருந்து 1 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடேற்றும் வெப்பம் அதிலிருந்து கிடைக்கும்.

காற்றிலிருந்து கிடைத்த எண்

குலுக்கிய நீரின் வெப்பநிலையை நுட்பமாக அளக்கக் கருவிகள் இல்லாத மேயர் இவ்வெண்ணை எப்படிப் பெற்றார்? பிறர் ஏற்கெனவே அளந்து வைத்திருந்த எண்களை எடுத்துச் சிந்தித்தே பெற்றார். அதைப் பட்டப் படிப்பு மாணவர்கள் மேயர் தொடர்பு என்ற பெயரில் இன்றும் கற்கின்றனர்.

ஒரு கிராம் காற்றை மூடிய கலத்தில் வைத்து, பருமன் மாறாதபடி ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 0.171 கலோரி வெப்பம் வேண்டும். அதே காற்றை, அழுத்தம் மாறாமல், விரிவடைய விட்டு ஒரு டிகிரி சூடேற்ற 0.240 கலோரி வேண்டும். வெப்பநிலை உயர்வு இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் கூடுதலாகச் செலவான 0.069 கலோரி எங்கே போயிற்று? விரிவடையும் காற்று வெளிக் காற்றைத் தள்ளி வேலை செய்திருக்கிறது. அவ்வேலை 0.287 ஜூல். கூடுதல் வெப்பம் அவ்வேலையாக மாறிவிட்டது என்றால், 0.287-ஐ 0.069-ஆல் வகுக்க, ஒரு கலோரிக்கு ஏறத்தாழ 4.2 ஜூல் எனக் கிடைக்கிறது. இதுவே வெப்பத்தின் இயந்திரச் சமானம்.

மேலே தந்தவை இன்றைய மதிப்புகள். மேயர் காலத்தில் காற்றின் தன்வெப்பம், மாறா அழுத்தத்தில், 0.267 என்று கருதப்பட்டது. அது சற்று அதிகம். அதனால்தான் அவருக்கு 427 மீட்டருக்குப் பதிலாக 365 மீட்டர் கிடைத்தது. குறை அவருடைய தருக்கத்தில் இல்லை. அவருக்குக் கிடைத்த அளவீட்டில் இருந்தது. காற்று விரியும்போது அதன் உள்ளேயே வெப்பம் செலவாகிவிடாதா என்ற தடையையும் அவர் எண்ணிப் பார்த்திருந்தார். வெற்றிடத்துக்குள் விரியும் காற்றின் மொத்த வெப்பம் மாறுவதில்லை என்று கே-லுசாக் முன்னரே சோதித்திருந்ததை அவர் 1845-இல் எடுத்துக்காட்டினார்.

அவ்வாண்டில் அவர் எழுதிய நூல் உயிர்களின் இயக்கத்தையும் உணவையும் பற்றியது. அதனை இதழ்கள் ஏற்காமையால் தம் கைப்பணத்தைச் செலவிட்டு அச்சிட்டார். பச்சிலைகள் கதிரவனின் ஒளியைச் சேமித்து வைக்கின்றன என்றும், விலங்குகள் அதையே உண்டு வெப்பமாகவும் வேலையாகவும் செலவிடுகின்றன என்றும் அதில் விளக்கினார். 1848-இல் வெளியிட்ட மற்றொரு நூலில் கதிரவனுக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கதிரவன் வெறும் நிலக்கரியாக இருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் எரிந்து தீர்ந்திருக்கும் என்று கணக்கிட்டார். விண்கற்கள் வந்து விழுவதே அவ்வெப்பத்திற்குக் காரணம் என்ற அவருடைய விடை தவறு. அணுக்கருச் சேர்க்கையே காரணம் என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. ஆனால் விண்மீனுக்கும் வரவு செலவுக் கணக்கு உண்டு என்பதை உணர்ந்து கேட்டது மேயரின் சிறப்பு.

நலம் குலைந்தது

இதற்கிடையில் இங்கிலாந்தில் ஜூல், 1843 முதல் துடுப்புச் சக்கரம், மின்னோட்டம் முதலிய பல வழிகளில் நுட்பமான சோதனைகளை நடத்திவந்தார். 1850-இல் அவர் வெளியிட்ட மதிப்பு, நம் அளவில் 424 மீட்டருக்குச் சமம். 1847-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவ்விதியைக் கணித வடிவில் எழுதினார். அவரும் மருத்துவம் படித்தவரே. அவருடைய கட்டுரையையும் போகண்டார்ஃப் ஏற்கவில்லை என்பது வியப்பான செய்தி. புதிய விதி அறிஞர் உலகில் பரவத் தொடங்கியது. மேயரின் பெயர் மட்டும் அதனோடு பரவவில்லை. தமக்குரிய முன்னுரிமையைக் கோரி அவர் பாரிஸ் கழகத்துக்கு எழுதினார். மேயர் ஊகித்தார், சோதனையால் நிறுவியவன் நானே என்ற பொருளில் ஜூல் விடை எழுதினார்.

வீட்டிலும் துயரம் சூழ்ந்தது. 1848-இல் இரண்டு குழந்தைகளை அடுத்தடுத்து இழந்தார். அவ்வாண்டு ஜெர்மனியில் எழுந்த புரட்சியில் அவருடைய அண்ணன் கிளர்ச்சியாளர் பக்கம் நின்றார். மேயர் எதிர்ப்பக்கம் நின்றார். கிளர்ச்சியாளர்கள் அவரைச் சிறிது காலம் பிடித்தும் வைத்திருந்தனர். 1849-இல் ஆக்ஸ்பர்க் நகரத்து நாளிதழ் ஒன்றில் அவருடைய ஆராய்ச்சியை எள்ளி நகையாடி ஒரு கட்டுரை வந்தது. அவர் எழுதிய மறுப்பை வெளியிட அந்நாளிதழ் மறுத்துவிட்டது. சொந்த ஊரில், நோயாளிகள் நடுவே, தாம் வீண் பெருமை பேசுபவர் என்று அச்சில் எழுதப்பட்டதை அவரால் தாங்க முடியவில்லை. உறக்கம் கெட்டது.

1850 மே மாதம் ஒரு விடியற்காலையில், உறங்காத இரவின் முடிவில், அவர் மாடிச் சன்னல் வழியாகத் தெருவில் குதித்தார். உயிர் பிழைத்தார். ஆனால் கால்களில் பட்ட காயம் முற்றும் ஆறவில்லை. அதன்பின் வாழ்நாள் முழுவதும் சாய்ந்தே நடந்தார்.

படுக்கையிலிருந்து எழுந்ததும் மீண்டும் எழுதினார். 1851-இல் வெப்பத்தின் இயந்திரச் சமானம் பற்றித் தெளிவான சிறு நூல் ஒன்று வெளிவந்தது. அவ்வாண்டிலேயே நோயும் திரும்பியது. கெப்பிங்கன் என்ற ஊரிலிருந்த மருத்துவ இல்லத்தில் அவர் தாமாகவே சேர்ந்தார். அங்கிருந்து வின்னெந்தால் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அதன் தலைவர் ஸெல்லர் அக்காலத்தில் பெயர் பெற்ற மருத்துவர். அங்கேதான் மேயரைக் கட்டுச்சட்டையில் அடைத்ததும், நாற்காலியில் கட்டிவைத்ததும் நிகழ்ந்தன. அந்த நாற்காலியில் பட்ட வேதனையை அவர் இறுதிவரை மறக்கவில்லை. 1853-இல் விடுவிக்கப்பட்டார்.

இவ்விடத்தில் ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. ஜாவாவிலிருந்து திரும்பிய மேயர் தம் புதிய கருத்தைக் கடிதங்களில் விரிவாக விளக்கியது கிரீசிங்கர் என்ற மருத்துவ நண்பருக்கு. அந்தக் கிரீசிங்கர் முன்பு அதே வின்னெந்தாலில் ஸெல்லரிடம் உதவி மருத்துவராக இருந்தவர். மனநோய் என்பது மூளையின் நோயே என்று 1845-இல் நூல் எழுதிப் புகழ்பெற்றவரும், பிற்காலத்தில் நோயாளிகளைக் கட்டிவைக்கும் முறையை எதிர்த்தவரும் அவரே. மேயருக்கு நேர்ந்தது தீயவர்கள் செய்த கொடுமை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. நல்லெண்ணம் கொண்ட மருத்துவர்களிடமும் அன்று அந்த நோய்க்கு வேறு வழி இல்லை. பித்து நிலைக்கு லித்தியம் உப்பு பயன்படும் என்று ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் வெளியிட்டது 1949-இல். குளோர்புரோமசின் மருத்துவமனைகளில் புகுந்தது 1952-இல். நாற்காலிக்கும் மாத்திரைக்கும் இடையே ஏறக்குறைய 100 ஆண்டுகள் உள்ளன.

நோயோடு வாழ்ந்த 25 ஆண்டுகள்

மேயரின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவர். அல்லது நேரே பதக்கத்திற்குத் தாவிவிடுவர். அவர் வாழ்நாளில் எண்ணிப் பார்க்கத்தக்க பகுதி இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

ஹைல்பிரானுக்குத் திரும்பிய மேயர், சில ஆண்டுகள் இயற்பியல் பக்கமே போகவில்லை. தமக்கு எது கேடு செய்கிறது என்று ஒரு மருத்துவராக அவர் அறிந்திருந்தார். வாதம், மறுப்பு, முன்னுரிமைச் சண்டை ஆகியவற்றிலிருந்து ஒதுங்கினார். முடிந்த அளவுக்கு நோயாளிகளைப் பார்த்தார். கிளர்ச்சி மிகுந்து உறக்கம் கெடும் அறிகுறி தோன்றினால், பிறர் வந்து பிடித்துச் செல்லும்வரை காத்திராமல், கென்னன்பர்க் என்ற இடத்திலிருந்த அமைதியான மருத்துவ இல்லத்துக்குத் தாமே சென்று தங்கினார். நலமானதும் வீடு திரும்பினார். இப்படிப் பல முறை நடந்தது. வலுக்கட்டாயமாக அடைக்கப்பட்ட ஒருவர் மருத்துவமனை என்ற சொல்லையே வெறுத்திருக்கலாம். அவரோ, கட்டிவைக்கும் இடம் வேறு, இளைப்பாறும் இடம் வேறு என்று பிரித்தறிந்தார். நோய் அவரை விட்டு நீங்கவில்லை. அதனோடு வாழும் முறையை அவர் கற்றுக்கொண்டார்.

வெளி உலகமோ அவரை மறந்திருந்தது. 1858-ஆம் ஆண்டளவில் அவர் மனநோய் விடுதியில் இறந்துவிட்டார் என்றே செய்தி பரவியிருந்தது. அவர் ஹைல்பிரான் வீதியில் கால் சாய்த்து நடந்துகொண்டிருந்தார். ஆனால் காற்று மாறத் தொடங்கியிருந்தது. 1854-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் சொற்பொழிவில், இவ்விதியை முதலில் சரியாகக் கூறியவர் மேயர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தமக்கு வரக்கூடிய புகழில் பங்கு குறையும் என்று அறிந்தே அவ்வாறு கூறினார். முன்பு மாணவராக இருந்த மேயரை விலக்கிய டூபிங்கன் பல்கலைக் கழகம் 1859-இல் அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்தது.

இங்கிலாந்தில் ஜான் டிண்டால், மேயரின் நூல்கள் கிடைக்குமா என்று ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸைக் கேட்டார். அவற்றில் பெரிதாக ஒன்றும் இராது என்று முதலில் கருதிய கிளாசியஸ், அனுப்புவதற்கு முன் தாமே படித்துப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொண்டார். 1862-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டிண்டால் ஆற்றிய உரையில், தாம் அதுவரை விளக்கியவை அனைத்தும் மேயர் தனியே இருந்து கண்டவை என்று அறிவித்தார். டெயிட், தாம்சன் ஆகியோர் ஜூல் பக்கம் நின்று எதிர்த்தனர். சண்டை சில ஆண்டுகள் நீடித்தது. முடிவில் ராயல் சொசைட்டி தன் உயர்ந்த பரிசாகிய காப்ளி பதக்கத்தை 1870-இல் ஜூலுக்கும், 1871-இல் மேயருக்கும் அளித்தது. இருவரும் அதற்கு உரியவர்களே. ஒருவர் விதியைக் கண்டு கூறினார். மற்றவர் அதை ஐயத்திற்கு இடமின்றி அளந்து காட்டினார்.

1876-இல் மேயர் எழுதிய சிறு கட்டுரை ஒன்று உண்டு. ஆற்றல் மாறாது என்ற தம் விதி சொல்லாத ஒரு பக்கத்தை அதில் எடுத்துக்கொண்டார். சிறு பொறி ஒன்று வெடிமருந்துக் கிடங்கை வெடிக்கச் செய்கிறது. பொறியின் ஆற்றலுக்கும் வெடிப்பின் ஆற்றலுக்கும் சம விகிதம் ஏதுமில்லை. பொறி, ஏற்கெனவே சேர்ந்திருந்த ஆற்றலைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. நரம்பின் சிறு தூண்டல் தசையை இயக்குவதும் இவ்வாறே என்று அவர் எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1878 மார்ச் 20-ஆம் நாள், காசநோயால் தம் பிறந்த ஊரிலேயே மறைந்தார். வயது 63.

இரண்டு கேள்விகள்

மேயர் மறைந்த சில ஆண்டுகளிலேயே அவரைப் பற்றி இரண்டு விதமான கதைகள் கிளம்பின. உலகம் புறக்கணித்ததால் பித்தரான மேதை அவர் என்பது ஒன்று; 19-ஆம் நூற்றாண்டின் கலிலியோ என்று அவரை வருணித்து 1880-இல் ஒரு நூலே வெளிவந்தது. மனம் பேதலித்த ஒருவர் தற்செயலாகச் சொன்னது பலித்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன. ஒரு மனிதரின் நோயையும் அவருடைய கருத்தையும் ஒரே முடிச்சாகக் கட்டிவிடுகின்றன.

மேயருக்கு நோய் இருந்ததா என்பது ஒரு கேள்வி. இருந்தது. மனக்கிளர்ச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோயாக அது இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதினர். புறக்கணிப்பும் குழந்தைகளின் மரணமும் அதனைத் தூண்டியிருக்கலாம். ஆனால் எத்தனையோ அறிஞர்கள் புறக்கணிக்கப்பட்டும் நோயுறவில்லை. புகழோடு வாழ்ந்தவர்களும் அந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். பொறி வேறு, கிடங்கு வேறு.

மேயர் கூறிய விதி சரியா என்பது வேறொரு கேள்வி. அதற்கு விடை தர வேண்டியது மருத்துவமனை அன்று. குலுக்கிய நீரும், விரியும் காற்றும், சுழலும் துடுப்பும் தர வேண்டிய விடை அது. அவை விடை தந்தன. அவ்விடை, சொன்னவர் நலமாக இருந்தபோதும் ஒன்றே. நாற்காலியில் கட்டுண்டிருந்தபோதும் ஒன்றே. ஒரு கலோரிக்கு 4.2 ஜூல் என்பது யார் அளந்தாலும் மாறாது.

நம்மைச் சுற்றிலும் மனம் நொந்தவர்கள் இருக்கிறார்கள். வகுப்பறையில் இருக்கலாம், நம் வீட்டிலும் இருக்கலாம். அவர்கள் சொல்வதையெல்லாம் நோய் என்று தள்ளிவிடுவது எளிது. சொல்வதைச் சோதித்துப் பார்ப்பதும், நோய்க்கு மருத்துவம் தேடித் தருவதும் இரண்டு தனித்தனி வேலைகள். இரண்டையும் செய்ய வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அடுத்த முறை மேயர் தொடர்பை எழுதும் மாணவர்கள் அந்தப் பெயருக்குரிய மனிதரையும் சற்று நினைத்துக்கொள்வார்களாக.